நிலை மாறும் யந்திரங்கள்

கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பரிசீலித்துக் கொண்டிருந்தபோது, சாயப்பட்டறைச் செலவினங்களில் ஒரே மாதிரியான மூன்று ரசீதுகள் என் கண்ணில் பட்டன. மூன்றும் தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்குக் காயில் கட்டிய கூலிக்கானவை. பதினொரு மாதங்களுக்குள் மூன்று முறை காயில் எரிந்திருந்தது. மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் ஊழியரின் அஜாக்கிரதையே காரணம் என்பது நிர்வாகக் குழுவினரின் அபிப்பிராயம். நானும் அதை ஏற்று, அந்தத் தொகையை அவரிடமிருந்து வசூலிக்க வேண்டும் என்று ஆட்சேபணைக் குறிப்பு எழுதிவிட்டேன். இரண்டு மாதச் சம்பளத்தில் பிடித்தமும் நடந்தது.

பின்னர் வேறொரு காரியமாக அதே பட்டறையில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்திருக்க நேர்ந்தது. மோட்டார் ஓடும், சற்று நேரத்தில் நிற்கும், உடனே மறுபடியும் ஓடும். கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் நாற்பது தடவைக்கு மேல் அது நின்று நின்று ஓடியது. மேலே ஏறித் தொட்டியைப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. மிதவை ஸ்விட்சின் கயிறு மிகவும் குட்டையாகக் கட்டப்பட்டிருந்தது. தொட்டி எப்போதும் நிறைந்திருக்க வேண்டும் என்று முந்தைய குழுவினர் செய்த ஏற்பாடாம். ஆகவே தண்ணீர் நான்கு விரற்கடை இறங்கியதும் மோட்டார் புறப்படும். நான்கு விரற்கடை ஏறியதும் நின்றுவிடும். மோட்டார் ஒவ்வொரு முறை புறப்படும்போதும், ஓட்டத்தில் இழுக்கும் மின்சாரத்தைப் போல் ஐந்து ஆறு மடங்கு இழுக்கிறது. அந்தச் சூடு ஆறுவதற்குள் அடுத்த புறப்பாடு வந்துவிட்டால் காயில் தாங்காது. இதை அந்த ஊழியர் முதல் தடவையே சொல்லியிருக்கிறார். கேட்பார் இல்லை.

மோட்டாரில் குறை இல்லை. ஸ்விட்சும் புதியதுதான். தொட்டியில் ஒழுக்கும் இல்லை. ஓடுதல், நிற்றல் என்னும் இரண்டு நிலைகளும் தனித்தனியே தீங்கற்றவை. ஒரு நிலையிலிருந்து மற்றொன்றுக்கு எப்போது மாறுவது என்ற விதியில்தான் கேடு இருந்தது. இந்த விதியைப் பற்றியே ஒரு தனிச் சாஸ்திரம் வளர்ந்திருக்கிறது என்பதை அதன் பிறகு படித்து அறிந்தேன். அங்கத்தினர்கள் பலர் இப்போது தானியங்கிக் கருவிகளை வாங்கி வருவதால், அதன் சாரத்தை இங்கே எழுதுவது உபயோகமாயிருக்கும் என்று நினைக்கிறேன்.

கட்டுப்பாட்டுச் சாஸ்திரம் என்பது பெயரளவில்தான் புதியது. தறியில் இருப்பவர் பாவு தளர்வதைக் கையால் உணர்ந்து இறுக்குகிறார். அளவுக்கு மீறி இறுகினால் சற்றுத் தளர்த்துகிறார். பலனைப் பார்த்துச் செய்கையைத் திருத்துவதே இதன் அடிப்படை. நீராவி யந்திரத்தின் வேகத்தை ஒரே அளவில் நிறுத்தச் சுழலும் இரண்டு குண்டுகளைப் பொருத்தியிருந்த காலத்தில், அவ்வகை அமைப்பு எப்போது நிலைக்கும், எப்போது ஆட்டம் காணும் என்பதை ஸ்காட்லாந்து நாட்டு விஞ்ஞானியான மாக்ஸ்வெல் 1868-ஆம் ஆண்டில் கணக்கிட்டு எழுதினார். பிசகு நாளடைவில் தேய்ந்து மறைந்தால் அமைப்பு நிலையானது. வளர்ந்துகொண்டே போனால் நிலையற்றது.

ஒரே விதியில் ஓடும் யந்திரத்துக்கு இந்தக் கணக்கு போதும். ஆனால் இன்றைய யந்திரங்கள் பல விதிகளுக்கிடையே தாவுகின்றன. கார் கியர் மாறுகிறது. குளிர்பதன அறையின் யந்திரம் ஓடி நிற்கிறது. இவற்றை நிலை மாறும் அமைப்புகள் என்கிறார்கள். ஒவ்வொரு விதியும் தனியாக நிலையானதாயிருந்தால் அவற்றை எப்படி மாற்றி மாற்றி உபயோகித்தாலும் நிலையானதாகத்தானே இருக்கும் என்று எவருக்கும் தோன்றும். அது தவறு. நான் சொன்ன பட்டறையில் சேதம் மாறுகிற கணத்தில் விளைந்தது. மாறுவதற்கு யாதொரு செலவும் இல்லையென்று வைத்துக்கொண்டாலும் கேடு விளையலாம் என்பதே வியப்பு. இதைப் பேரேட்டில் எழுதிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

ஒரு தாளில் இடப் பத்தி, வலப் பத்தி என்று இரண்டு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டிலும் எழுதுவது யந்திரத்தின் பிசகு என்று வைத்துக்கொள்வோம். முதல் விதி இது: நேற்று வலப் பத்தியில் இருந்ததை இரட்டித்து இன்று இடப் பத்தியில் எழுது, வலப் பத்தியில் பூஜ்யம் போடு. இரண்டாம் விதி அதற்கு நேர் எதிரானது: நேற்று இடப் பத்தியில் இருந்ததை இரட்டித்து வலப் பத்தியில் எழுது, இடப் பத்தியில் பூஜ்யம் போடு. இரண்டு பத்தியிலும் 1 வைத்துத் தொடங்குவோம். முதல் விதியை மட்டும் அனுசரித்தால் முதல் நாள் இடம் 2, வலம் 0. மறுநாள் இரண்டும் 0. பிசகு முழுவதும் தீர்ந்தது. இரண்டாம் விதியை மட்டும் அனுசரித்தாலும் இரண்டே நாளில் அப்படியே தீரும். இவற்றைவிட நல்ல விதிகள் வேண்டுமா? இப்போது ஒரு நாள் முதல் விதி, மறுநாள் இரண்டாம் விதி என்று மாற்றி மாற்றிச் செய்து பாருங்கள். 2, 4, 8, 16 என்று பிசகு இரட்டித்துக்கொண்டே போகும். பத்தாம் நாள் 1,024. இருபதாம் நாள் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். ஒன்று துடைத்து முடிப்பதற்குள் மற்றொன்று வந்து, மிச்சத்தை எடுத்துப் பெருக்கிவிடுகிறது.

இதற்கு மாறான விந்தையும் உண்டு. இடப் பத்தியை இரட்டித்து வலப் பத்தியைக் கால் பங்காக்கும் ஒரு விதி. வலத்தை இரட்டித்து இடத்தைக் கால் பங்காக்கும் மற்றொரு விதி. எதைத் தனியே கைக்கொண்டாலும் ஒரு பத்தி எல்லையின்றிப் பெருகும். மாற்றி மாற்றிச் செய்தாலோ 16, 16 என்று தொடங்கியது முதல் நாள் 32, 4 ஆகி, இரண்டாம் நாள் 8, 8 ஆகிவிடும். ஈரிரண்டு நாளைக்குப் பாதி பாதியாகத் தேய்ந்துவிடும். கெட்ட விதிகள் இரண்டைக் கொண்டு நல்ல அமைப்பு ஒன்றைச் செய்துவிடலாம் என்று இதற்குப் பொருள். எங்கள் இலாகா சுற்றறிக்கைகள் சிலவற்றை நினைத்துக்கொண்டு எனக்குச் சிரிப்பு வந்தது உண்மை.

இந்தச் சிக்கலை ஆராய்வதற்கான கருவியை அளித்தவர் ருஷ்ய நாட்டுக் கணித மேதை லியாபுனோவ். 1892-ஆம் ஆண்டில் வெளியான அவருடைய ஆராய்ச்சி நூல் இயக்கத்தின் நிலைப்பாட்டைப் பற்றியது. பள்ளத்தை நோக்கி ஓடும் நீருக்கு ஒவ்வொரு கணமும் உயரம் குறைவதுபோல், அமைப்பு எந்த நிலையிலிருந்தாலும் குறைந்துகொண்டே வரும் ஓர் அளவையைக் காட்டிவிட்டால், முடிவு வரை பின்தொடராமலே அது நிலையானது என்று சொல்லிவிடலாம். எல்லா விதிகளிலும் குறையும் பொதுவான ஓர் அளவை கிடைத்துவிட்டால், அவற்றை எந்த வரிசையில், எவ்வளவு வேகமாக மாற்றினாலும் பயமில்லை. மேலே முதலில் சொன்ன இரண்டு விதிகளுக்கு அத்தகைய பொது அளவை கிடையாது, தேடினாலும் அகப்படாது.

பொது அளவை இல்லாதபோது என்ன செய்வது? அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலைப் பேராசிரியர் மோர்ஸ் 1996-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில் தங்கு காலம் என்ற கருத்தைக் கையாண்டார். ஒரு விதிக்கு மாறினால் அதில் குறிப்பிட்ட காலமாவது தங்கிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். நம் பேரேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு விதியிலும் குறைந்தது இரண்டு நாள் தங்குவது என்று வைத்தால், எந்தத் தொகையில் தொடங்கினாலும் இரண்டாம் நாளே எல்லாம் பூஜ்யம். விதிகளில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. பொறுமை ஒன்றைத்தான் சேர்த்தோம். 1999-ஆம் ஆண்டில் ஹெஸ்பானாவும் மோர்ஸும் இதைத் தளர்த்தி, சராசரியில் தங்கு காலம் போதுமானதாயிருந்தால் இடையே ஒரு சில அவசர மாற்றங்களால் கெடுதல் இல்லை என்று நிரூபித்தார்கள். லிபர்ஸான் 2003-ஆம் ஆண்டில் எழுதிய நூலில் இவை யாவும் தொகுத்துச் சொல்லப்பட்டிருக்கின்றன.

எனினும் விரைவாக மாற்றுவது எங்கும் தவறு என்று எண்ணிவிடக் கூடாது. சூரியசக்திப் பம்புசெட் வைத்திருக்கும் அங்கத்தினர்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் சிறு மின்னணு ஸ்விட்சுகள் விநாடிக்குப் பல்லாயிரம் தடவை மூடித் திறந்துகொண்டிருக்கின்றன. அவ்வளவு வேகத்தில் தனித்தனி விதிகள் மறைந்து, அவற்றின் சராசரியே ஒரு விதிபோல் நடந்துகொள்கிறது. 1976-ஆம் ஆண்டில் மிடில்புரூக், சூக் என்ற இருவர் அந்தச் சராசரிக் கணக்கை வகுத்தார்கள். ஆகவே மெதுவா விரைவா என்பதல்ல கேள்வி. அந்த அமைப்புக்கு எந்த மாற்றம் பொருந்தும் என்பதைக் கணக்கிட்டிருக்கிறார்களா என்பதே கேள்வி.

கணக்கிடுவதும் எப்போதும் கைகூடுவதில்லை. விதிகளை எந்த வரிசையில் கலந்தாலும் பிசகு அதிகபட்சம் எவ்வளவு வேகமாக வளரக்கூடும் என்பதற்கு ரோட்டா, ஸ்ட்ராங் என்ற இரு கணித அறிஞர்கள் 1960-ஆம் ஆண்டிலேயே ஓர் அளவைக் குறித்துவிட்டார்கள். ஆனால் 2000-ஆம் ஆண்டில் பிளாண்டெல், சிட்சிக்லிஸ் என்பவர்கள் வெளியிட்ட முடிவு ஆராய்ச்சியாளர்களைத் திகைக்க வைத்தது. எண் அட்டவணைகளாக எழுதப்பட்ட இரண்டே விதிகளைக் கொடுத்து, இவற்றை எப்படிக் கலந்தாலும் பிசகு ஓர் எல்லைக்குள் அடங்குமா என்று கேட்டால், எல்லாச் சந்தர்ப்பங்களிலும் சரியான விடை தரக்கூடிய பொதுவான கணக்கு முறை எதுவுமே இருக்க முடியாது என்பது அம்முடிவு. கணிப்பொறியின் வேகம் போதாமையால் அல்ல. எவ்வளவு வேகமான பொறியாலும் ஆகாது. குறிப்பிட்ட சில வகைகளுக்கு நல்ல முறைகள் இருக்கின்றன; எல்லாவற்றுக்குமான ஒரு சாவி இல்லை, அவ்வளவே.

அண்மைக் கால ஆராய்ச்சி எங்கள் தொழிலுக்கு நெருங்கி வந்திருப்பதைக் கண்டு எனக்கு மகிழ்ச்சி. யந்திரத்தின் உள்விதிகள் என்னவென்றே தெரியாதபோது, அது ஓடுவதைப் பல தடவை அளந்து, அந்த மாதிரிகளைக் கொண்டு நிலைப்பாட்டைப் பற்றி என்ன சொல்லலாம் என்று ஜங்கர்ஸ், தபுவாடா முதலியோர் 2019-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்களுடைய விடை நிச்சயம் என்று வராது; இத்தனை மாதிரிகள் பார்த்ததில் இத்தனை சதவிகித நம்பிக்கையுடன் சொல்லலாம் என்றே வரும். மாதிரிகள் அதிகமானால் நம்பிக்கையும் கூடும். ஆயிரம் ரசீதுகளில் நூறைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடும் நாங்கள் எந்தச் சதவிகிதத்தையும் எழுதுவதில்லை. இந்த விஷயத்தில் அவர்கள் எங்களைவிட யோக்கியர்கள்.

தானியங்கி ஸ்டார்ட்டரோ மிதவை ஸ்விட்சோ வாங்கும் சங்கங்கள் மோட்டாரின் குதிரைசக்தியையும் உத்தரவாத ஆண்டுகளையும் கேட்டுக்கொள்கின்றன. மணிக்கு எத்தனை தடவை அது புறப்படலாம் என்று கேட்பவர்களை நான் அநேகமாகக் கண்டதில்லை. மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் எவ்வளவு இடைவெளி வைக்க வேண்டும் என்பதையும், நின்ற மோட்டாரைச் சற்று நேரம் புறப்படவிடாமல் நிறுத்தி வைக்கும் கடிகார அமைப்பு இருக்கிறதா என்பதையும் விற்பவரிடம் எழுத்து மூலம் பெற்றுக்கொள்வது நல்லது. தங்கு காலம் என்று பேராசிரியர்கள் சொல்வதுதான் அந்தக் கடிகாரத்தில் திருகி வைக்கும் நிமிஷங்கள்.

சாயப்பட்டறையில் மிதவையின் கயிற்றை நீளமாக்கி, தண்ணீர் இரண்டடி இறங்கிய பிறகே மோட்டார் புறப்படும்படி செய்தார்கள். இப்போது மணிக்கு இரண்டு தடவைக்கு மேல் அது புறப்படுவதில்லை. என் ஆட்சேபணையை அடுத்த அறிக்கையில் நீக்கிவிட்டேன். பிடித்த தொகையும் அந்த ஊழியருக்குத் திரும்பக் கொடுக்கப்பட்டது. புறப்பாடுகளை அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதிவாரியாகக் குறித்து வருகிறார். இரண்டாவது மோட்டார் ஒன்று வாங்கச் சங்கம் தீர்மானித்திருக்கிறது. மணிக்கு எத்தனை புறப்பாடு என்று கேட்டு விற்பனையாளருக்கு எழுதிய கடிதத்தின் வாசகம் அந்த ஊழியருடையது. பதில் வந்த பிறகே தீர்மானம் அங்கீகாரத்துக்குப் போகும்.