நசுங்கிய விரல்: சிகிச்சையும் இழப்பீடும்

எலும்பு, நரம்பு, ரத்தக்குழாய், நகப்படுகை அத்தனையும் விரல் நுனியில் ஓர் அங்குலத்துக்குள் நெருங்கிக் கிடக்கின்றன. அதனால் வெளியே சிறிதாகத் தெரியும் நசுங்கல் உள்ளே பெரிய சேதமாக இருக்கலாம். கரும்பும் நெல்லும் விளையும் விழுப்புரம் மாவட்டக் காணை வட்டாரத்தில் விரல் சிக்கும் இடங்களுக்குக் குறைவில்லை: கரும்புச்சாறு பிழியும் உருளை, கதிரடிக்கும் இயந்திரத்தின் பெல்ட், டிராக்டரோடு டிரெய்லரை மாட்டும் கொக்கி. என்ஜினை ஓடவிட்டபடி பைக் செயினைத் துணியால் துடைப்பது இவற்றையெல்லாம்விட மோசமானது. பல்சக்கரம் துணியை இழுக்கும்போது விரலும் கூடவே போய்விடும்.

நகத்தடியில் கருநீலமாக ரத்தம் கட்டி விண்விண்ணென்று தெறித்தால், மருத்துவர் நகத்தில் சிறு துளையிட்டு ரத்தத்தை வெளியேற்றுவார். வலி உடனே தணியும். வீட்டில் ஊசியைச் சுட்டு இதைச் செய்யக் கூடாது. அடியில் எலும்பு முறிந்திருந்தால் கிருமி நேரே எலும்புக்குப் போகும். நுனியை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். திரும்பாவிட்டாலும், விரல் மரத்துப்போனாலும், கோணினாலும், நுனியை நிமிர்த்த முடியாவிட்டாலும் அன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். குழந்தைக்கு நகத்தின் அடிப்பாகம் தோலுக்கு வெளியே பெயர்ந்து நின்றால், அது நகக்காயம் மட்டுமல்ல; எலும்பின் வளர்ச்சிப் பகுதியே முறிந்திருக்கலாம்.

விரல் இயந்திரத்தில் சிக்கியிருந்தால் முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். பிடித்து இழுக்கக் கூடாது. வெளியே எடுத்ததும் மோதிரத்தைக் கழற்ற வேண்டும். வீங்கிவிட்டால் மோதிரமே ரத்த ஓட்டத்தை அடைக்கும். பிறகு ஓடும் நீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடிக்கலாம். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். மூங்கில் பத்தை வைத்து இறுக்கும் நாட்டுக்கட்டால் ரத்த ஓட்டம் நின்று விரல் கருத்து அழுகிப்போகலாம். துண்டான பகுதியை ஈரத்துணியில் சுற்றி, பாலிதீன் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட நீரில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். ஐஸ் சதையில் நேரடியாகப் படக் கூடாது. மீண்டும் பொருத்த முடியாதபோதும் அதன் தோல் காயத்தை மூடப் பயன்படலாம்.

108 ஆம்புலன்சில் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். நுண் அறுவை தேவைப்பட்டால் புதுச்சேரி ஜிப்மர் இருக்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மருத்துவர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவைச் சிகிச்சைத் துறை இருக்கிறது. அழுக்கான காயத்துக்கு, கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்தாண்டு கடந்திருந்தால் மறுபடி போட வேண்டும். காயம் ஆறிய பிறகும் மருத்துவர் சொன்ன விரல் பயிற்சியை விட்டால் மூட்டு இறுகிவிடும்.

‘போலீஸ் கேஸ்’ என்று சொல்லி எந்த மருத்துவமனையும் அவசர சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது. 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அங்கே எழுதப்படும் விபத்துப் பதிவேடு, அதாவது ஏ.ஆர். காப்பி, பிற்பாடு முக்கியச் சான்றாகிறது. “வீட்டுக் கதவில் நசுங்கியதாகச் சொல், செலவை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று முதலாளி கேட்டால் ஒப்புக்கொள்ளக் கூடாது. அந்த ஒரு வரி இழப்பீட்டையே கெடுத்துவிடும். நடந்த இடம், நேரம், இயந்திரம் மூன்றையும் உள்ளபடி பதியச் சொல்ல வேண்டும்.

ஈ.எஸ்.ஐ. காப்பீட்டில் உள்ளவருக்கு உதவித்தொகை அதன் வழியாகவே வரும். மற்றவருக்கு 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வகுத்த உரிமை, இன்று 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. டிராக்டர், மின் இயந்திரம் கொண்டு நடக்கும் வயல்வேலையும் அந்தப் பழைய சட்டத்தின் பட்டியலிலேயே இருந்தது. ஆள்காட்டி விரலில் ஒரு கணுவை இழந்தால் சம்பாதிக்கும் திறனில் 9 விழுக்காடு போனதாக அது கணக்கிட்டது. கட்டைவிரல் முழுதும் போனால் 30. மாதம் 15,000 ரூபாய் வாங்கும் 30 வயதுக்காரருக்கு அந்த ஒரு கணுவுக்கு மட்டும் 1,68,000 ரூபாய்க்கு மேல் வரும். நூறு நாள் கூலியைக் கொடுத்து விஷயத்தை முடிக்கப் பார்ப்பவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும்.

முதலாளிக்கு எழுத்து மூலம் தெரிவித்து, நகலை வைத்துக்கொள்ள வேண்டும். மனுவை இரண்டு ஆண்டு தாண்டவிடாமல் தொழிலாளர் துறையில் இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர் 15100 என்ற எண்ணில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், ஆலைத் தொழிலாளருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு.