வெப்ப அறைக்குள் மிதிவண்டி

ஒரே மிதிவண்டி, ஒரே சாலை, ஓட்டுபவரும் ஒருவரே. ஆயினும், மார்கழிக் காலையில் ஒன்றரை மணி நேரம் சோர்வின்றி ஓட்டியவர், சித்திரை நண்பகலில் ஒரு மணி நேரம் முடியும் முன்பே களைத்து இறங்கிவிடுகிறார். அவர் கால்களின் வலிமை சில மாதங்களில் குறைந்துவிடவில்லை. அப்படியானால் குறைந்தது எது? இதனை அறியவே விளையாட்டு அறிவியலார் மிதிவண்டி வீரர்களை வெப்ப அறைக்குள் அமர்த்திச் சோதிக்கின்றனர்.

முதலில் ஒரு கணக்கைக் காண்போம். உண்ட உணவிலிருந்து தசைகள் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே மிதிகட்டையைச் சென்றடைகிறது. எஞ்சிய முக்கால் பங்கு வெப்பமாக உடலிலேயே தங்குகிறது. தேர்ந்த வீரர் ஒருவர் 250 வாட் திறனுடன் மிதிக்கும்போது, அவர் உடலுக்குள் ஏறத்தாழ 750 வாட் வெப்பம் பிறக்கிறது. வீட்டில் துணி தேய்க்கும் சிறிய இஸ்திரிப் பெட்டி பயன்படுத்தும் மின்திறனும் இவ்வளவே. ஓர் இஸ்திரிப் பெட்டியை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் மலையேறுவதாக எண்ணிப் பார்த்தால், அவர் படும் பாடு விளங்கும்.

இவ்வெப்பத்தை வெளியேற்றும் முதன்மையான வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால், அது ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்லும். எனவே மேற்கூறிய வீரர் மணிக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மிகுதியாக வியர்வை சிந்தினால் போதும் என்று கணக்கு சொல்கிறது. ஆனால் 'ஆவியானால்' என்னும் சொல்லை மறந்துவிடலாகாது. தரையில் சொட்டும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. சூன் மாதத் தொடக்கத்தில் தில்லியின் வறண்ட காற்றில் வியர்ப்பது தெரியாமலே சட்டை உலர்ந்துவிடும். அதே விடுமுறையில் சென்னைக்குச் சென்றால் நிழலில் நின்றாலும் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். வெப்பமானி தில்லியில்தான் மிகுந்த அளவைக் காட்டும். இருந்தும் சென்னை வெயில் புழுங்குகிறது என்று பாட்டிமார் அலுத்துக்கொள்வதில் நல்ல அறிவியல் இருக்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகும்போது வியர்வை ஆவியாக இடமில்லை.

ஆகவே வெப்ப அறையில் வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும் தேவைக்கேற்ப அமைக்கின்றனர். அறையின் நடுவே நகராத மிதிவண்டி ஒன்று நிறுத்தப்படும். வீரர் எத்தனை வாட் திறனுடன் மிதிக்க வேண்டும் என்பதை அதில் துல்லியமாக வரையறுக்க முடியும். சில நிமிடங்களுக்கு ஒரு முறை சுமை சிறிது கூட்டப்படும். முகத்தில் பொருத்திய மூடி, அவர் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறார் என்பதை அளக்கும். விரல்நுனியிலோ காது மடலிலோ ஒரு துளி இரத்தம் எடுத்து லாக்டேட்டின் அளவைக் காண்பர். அது திடீரென ஏறத் தொடங்கும் இடமே, அவ்வீரர் நெடுநேரம் தாங்கக்கூடிய வேகத்தின் எல்லைக்கு அடையாளம். உடலின் உள்வெப்பத்தை அறிய, மாத்திரை போன்ற சிறு வெப்பமானியை முன்கூட்டியே விழுங்கச் செய்வதும் உண்டு. அது குடலில் இருந்தபடியே வெளியிலுள்ள கருவிக்குச் செய்தி அனுப்பும்.

இச்சோதனையில் எளிதில் கவனத்தில் தப்பிவிடும் பொருள் ஒன்று உண்டு: மின்விசிறி. சாலையில் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவருக்கு அதே வேகத்தில் எதிர்க்காற்றும் கிடைக்கிறது. அறைக்குள் அக்காற்று இல்லை. விசிறி வைக்காமல் சோதித்தால், சாலையில் நன்றாகத் தாங்கக்கூடியவரும் அறையில் விரைவில் சோர்வார். அவரைத் தகுதியற்றவர் என்று தவறாக முடிவு செய்ய நேரிடும். நல்ல வீரர் ஒருவரின் வாய்ப்பு ஒரு விசிறியால் பறிபோகலாம்.

ஸ்காட்லாந்தின் அபர்தீன் பல்கலைக்கழகத்தார் 1997ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. எட்டு ஆடவர்கள் ஒரே சுமையில், இனி முடியாது என்னும் வரை நான்கு வெவ்வேறு வெப்பநிலைகளில் மிதித்தனர். ஏறத்தாழ 4 டிகிரி செல்சியசில் சராசரியாக 81 நிமிடங்கள் தாங்கினர். 11 டிகிரியில் அது 93 நிமிடங்களைத் தாண்டியது. 21 டிகிரியில் மீண்டும் 81 நிமிடங்கள். 31 டிகிரியிலோ 52 நிமிடங்களே! மிகுந்த குளிரும் ஓரளவு தடையே எனினும், வெப்பம் செய்யும் இழப்பு மிகப் பெரிது. 31 டிகிரி என்பது நம் நாட்டில் வெயில் என்றே கருதப்படாத அளவு என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

ஏன் நிறுத்துகிறார்கள் என்ற வினாவிற்கு 1999ஆம் ஆண்டு டென்மார்க்கில் நடந்த ஆய்வு விடை தேடியது. பயிற்சி பெற்ற ஏழு மிதிவண்டி வீரர்களின் உடலை நீரில் அமர்த்தி, முன்கூட்டியே ஒரு நாள் குளிர்வித்தும், மற்றொரு நாள் சூடேற்றியும், பின்னர் 40 டிகிரி வெப்பத்தில் மிதிக்கச் செய்தனர். உள்வெப்பம் 36 டிகிரியில் தொடங்கியபோது 63 நிமிடங்களும், 37இல் தொடங்கியபோது 46 நிமிடங்களும், 38இல் தொடங்கியபோது 28 நிமிடங்களும் தாங்கினர். ஆனால் மூன்று முறையும் அவர்கள் நிறுத்திய வேளையில் உள்வெப்பம் ஏறத்தாழ 40 டிகிரியாகவே இருந்தது. எங்கே தொடங்கினாலும் உடல் ஒரே வாசலில் வந்து நின்றுவிடுகிறது.

அவ்வெச்சரிக்கையை மீறினால் என்ன நேரும்? 1965ஆம் ஆண்டின் உலக வாகையரான பிரிட்டன் வீரர் டாம் சிம்ப்சன், 1967 சூலை 13 அன்று பிரான்சு நாட்டு மிதிவண்டிப் போட்டியில் மோன் வாந்து மலையில் ஏறும்போது, உச்சியை நெருங்கும் வேளையில் சாய்ந்து விழுந்து உயிரிழந்தார். கடும் வெயிலோடு, அவர் உட்கொண்டிருந்த ஊக்க மருந்தும் இதற்குக் காரணமாயிற்று. நில் என்று உடல் இட்ட கட்டளையை அம்மருந்து மறைத்துவிட்டது. இன்றைய ஆய்வகங்களில் மருத்துவர் உடனிருப்பதும், உள்வெப்பம் குறித்த எல்லையை எட்டியதும், வீரரே தொடர விரும்பினாலும் சோதனையை நிறுத்துவதும் இது போன்ற பேரிழப்புகளைத் தவிர்க்கவே.

வெப்பத்திற்கு உடலைப் பழக்கவும் முடியும். நாள்தோறும் ஓரளவு நேரம் வெப்பத்தில் பயிற்சி செய்தால், ஏறத்தாழ பத்து முதல் பதினான்கு நாட்களில் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும். வியர்வை விரைவில் தொடங்கும். அதில் வெளியேறும் உப்பு குறையும். அதே வேலைக்கு இதயம் குறைவாகத் துடிக்கும். பயிற்சியை நிறுத்திச் சில வாரங்கள் கழிந்தால் இப்பயன் மெல்ல மறையும். ஆதலால் வெப்ப நாட்டில் போட்டி என்றால், அதற்கு மிக முன்னரே பழகி முடிப்பதால் பயனில்லை.

வெப்ப அறை எல்லா ஊரிலும் இல்லை. எனினும், எடைக்கருவி ஒன்றிருந்தால் பயிற்றுநர் ஒரு பாதியை அளந்துவிடலாம். பயிற்சிக்கு முன் 60 கிலோ இருந்த ஒருவர், இடையில் அரை லிட்டர் நீர் அருந்தியும் முடிவில் 58.8 கிலோ இருந்தால், அவர் சிந்திய வியர்வை 1.7 லிட்டர். அவருடைய எடையில் 2 விழுக்காடு குறைந்திருக்கிறது. பலருக்குத் தாங்குதிறன் தளரத் தொடங்குவது ஏறத்தாழ இவ்வளவில்தான். அடுத்த நாள் அவருடைய மிதிவண்டியில் ஒரு குப்பிக்குப் பதிலாக இரண்டு குப்பிகள் பொருத்தப்படும்.