பாம்பு விஷமும் குதிரை தரும் எதிர்ப்புச் சக்தியும்

மூலனூர் வட்டாரத்தில் கொறங்காட்டில் ஆடு மேய்ப்போரும், கிளுவை வேலி ஓரம் புல் அறுப்போரும் சுருட்டை விரியனுக்கு அஞ்சியே நடப்பர். ஒருமுறை கடிபட்டுப் பிழைத்தவருக்கு மறுமுறை விஷம் ஏறாது என்று சிலர் கூறுவதுண்டு. இது சரியன்று.

விஷத்தை முறிக்கும் எதிர்ப்பொருளை நம் உடலும் உண்டாக்கவே செய்கிறது. ஆனால் அதற்குப் பல நாட்கள் பிடிக்கும். விரியன் விஷமோ சில மணி நேரத்தில் இரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்துவிடும். முன்பு கடிபட்டவருக்கு மறுகடியில் ஒவ்வாமையும் சேர்ந்து வரலாம்.

ஆகவே குதிரையிடம் எதிர்ப்புச் சக்தியைக் கடன் வாங்குகிறோம். 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், சென்னையை அடுத்த வடநெம்மேலியில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் விஷத்தை எடுத்து மருந்துத் தயாரிப்புக்கு வழங்கி வந்துள்ளது. அவ்விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஊசி மூலம் ஏற்றுவர். அதன் இரத்தத்தில் வாரக்கணக்கில் ஊறும் எதிர்ப்பொருளே விஷமுறிவு மருந்து.

குதிரையின் பொருளாதலால் சிலருக்கு உடலில் தடிப்பு, மூச்சிரைப்பு உண்டாகும். அதனால் மருத்துவமனையில்தான் போடவேண்டும். குழந்தைக்கும் பெரியவருக்குள்ள அளவே. ஆள் சிறிதென்று பாம்பு விஷத்தைக் குறைத்துக் கடிப்பதில்லை அல்லவா! கடிவாயைக் கீறாமல், கயிற்றால் இறுக்காமல், கடிபட்ட காலை அசைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. 108-ஐ அழைக்கலாம்.