பேப்பரைத் தொடாதீங்க: மனுகாவ் வகுப்பறையில் அப்பா, அம்மா நடத்தும் ஓவிய வகுப்பு

டேர்ம் ஆரம்பித்த கொஞ்ச நாளில் வகுப்பு ஆசிரியரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். நீச்சலுக்குக் கூட வர யார், சுற்றுலாவுக்கு யார், வெள்ளிக்கிழமை மதியம் ஆர்ட் வகுப்பு எடுக்க யார் என்று கேட்டிருப்பார். நீச்சலுக்கு நம்ம ஆட்கள் உடனே கை தூக்கிடுவாங்க. ஆர்ட் என்றதும், "எனக்கு ஒரு மாம்பழம்கூட ஒழுங்கா வரைய வராதுங்க" என்று பின்வாங்கிடுவாங்க. இந்தக் கட்டுரை அவங்களுக்குத்தான். ஏன்னா, ரொம்ப நல்லா வரையத் தெரிந்தவங்களைவிட அவங்கதான் இந்த வேலைக்குப் பொருத்தம் என்பது என் கட்சி.

முதலில், பள்ளி ஏன் நம்மளைக் கேட்குது? நியூசிலாந்து தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் தனி ஓவிய ஆசிரியர் கிடையாது. கணக்கிலிருந்து ஓவியம் வரை எல்லாமே ஒரே வகுப்பு ஆசிரியர். 2007 பாடத்திட்டம் கலை என்ற ஒரு சொல்லுக்குள் நடனம், நாடகம், இசை, காட்சிக்கலை என்று நான்கையும் அடக்கியிருக்கிறது. 2024 தொடக்கத்திலிருந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றுக்கும் தலா ஒரு மணி நேரம், சராசரியாக ஒவ்வொரு நாளும் தரணும் என்று அரசு விதித்துவிட்டது. காலை 9 மணியிலிருந்து மதியம் 3 மணி வரை பள்ளி. சாப்பாடு, விளையாட்டு இடைவேளைகளைக் கழிச்சுப் பாருங்க. மிச்சம் இருக்கிற ரெண்டு மணி நேரத்தில் அறிவியல், உடற்பயிற்சி, சமூகவியல், மாவோரி மொழி எல்லாம் நிற்கணும். ஓவியம் எங்கே போய் நிற்கும்? வெள்ளிக்கிழமை மதியத்தில்தான். அதுவும் வேறு எதுவும் குறுக்கே வரலைன்னா.

இது நமக்குப் புதுசா என்ன? ஊரில் ஓவிய பீரியடை கணக்கு சார் கடன் வாங்கிக்கொண்டு போனதும், அந்தக் கடன் திரும்பி வராமலே போனதும் நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்காக 16,549 பகுதி நேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். அவர்கள் பணி நிரந்தரம் கேட்டுப் போராடிய செய்தி அதற்கப்புறம் வருஷா வருஷம் வந்தது. ஓவியத்துக்கு ஒரு நாடு என்ன விலை வைக்கிறது என்பதை இரண்டு ஊரிலும் பார்த்தாச்சு.

சியாட்டில் பக்கம், ரெட்மண்டிலும் சுற்று வட்டாரத்திலும் இருக்கிற நண்பர்களுக்கு இந்த வேலை பழக்கமானது. அங்கே பல பள்ளிகளில் 'ஆர்ட் டோசண்ட்' என்ற பெயரில் பெற்றோர்களே வகுப்புக்குள் போய் பாடம் எடுக்கிறார்கள். ஒரு ஓவியரின் படத்தைக் காட்டிப் பேசிவிட்டு, அதையொட்டிப் பிள்ளைகளை எதையாவது செய்ய வைப்பது வழக்கம். மனுகாவில் அவ்வளவு முறையான ஏற்பாடெல்லாம் எதிர்பார்க்காதீங்க. ஆசிரியர் கேட்பார், நீங்க வருவீங்க, அவ்வளவுதான். எனக்கு அந்தத் தளர்வு பிடித்திருக்கிறது. கையில் பாடப்புத்தகம் கொடுக்காததால், வீட்டிலிருந்து எதைக் கொண்டுபோவது என்று நாமே யோசிக்க வேண்டியிருக்கு.

நான் கொண்டுபோனது கோலம்.

மனைவிக்கு ஆஸ்பத்திரியில் பகல் ஷிப்ட். எனக்கு வீட்டிலிருந்து வேலை. அதனால் நான்தான் போகணும். அம்மாவிடம் வீடியோ காலில் சொன்னதும், "ஏன்டா, நீ போய் கோலம் போடப் போறியா? அவ எங்கே?" என்று சிரிச்சாங்க. அப்புறம் அரை மணி நேரம் உட்கார்ந்து, மூணுக்கு மூணு புள்ளியில் சிக்குக் கோலம் எப்படி ஓடும் என்று நோட்டில் போட்டுக் காட்டினாங்க.

அரிசி மாவு கொண்டு வரலாமா என்று ஆசிரியரிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். மாவோரி வழக்கத்தில் உணவுக்குத் தனி மரியாதை உண்டு. சாப்பிடும் பொருளை விளையாட்டுக்கும் கைவேலைக்கும் எடுப்பதை இங்கே பல பள்ளிகளிலும் பாலர் பள்ளிகளிலும் தவிர்க்கிறார்கள். எறும்புக்குச் சோறு போடத்தான் நாங்க மாவில் போடுறோம் என்று விளக்கினேன். அவருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது, ஆனாலும் மாவு வேண்டாம்தான். நியாயம்தானே. அவர் ஒரு வழி சொன்னார். வெள்ளைத் தாளில் வெள்ளை பேஸ்டல், அதன்மேல் டை. இந்த ஊர் வகுப்பறைகளில் இது ரொம்பப் பழக்கமான முறை. மெழுகு போன்ற பேஸ்டல் தண்ணீரை ஒட்டவிடாது. கோடு போடும்போது ஒன்றுமே தெரியாது. நீல டையைப் பிரஷ்ஷால் பூசியதும், ஈரத் தரையில் போட்ட மாதிரி வெள்ளைக் கோலம் எழுந்து வரும். அந்த நிமிஷம் இருபத்தைந்து பிள்ளைகளும் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

நான் பலகையில் எந்தக் கோலமும் போட்டுக் காட்டவில்லை. புள்ளி மட்டும் வைத்துவிட்டு மூன்று விதி சொன்னேன். கோடு புள்ளியைத் தொடக் கூடாது. எந்தப் புள்ளியும் தனியாக விடுபடக் கூடாது. கிளம்பின இடத்துக்கே கோடு வந்து சேரணும். சாஃப்ட்வேர்க்காரன் புத்தி என்று வைத்துக்கொள்ளுங்க: என்ன வேணும் என்று சொல்லணும், எப்படிச் செய்யணும் என்று சொல்லக் கூடாது. இந்தப் புத்தி நமக்கு முன்னாலேயே சிலருக்கு வந்திருக்கு. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974-லேயே கோலத்தைக் கணினி அறிவியலின் வடிவ இலக்கணங்களோடு சேர்த்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வாசலில் குனிந்து கோலம் போட்ட பெண்கள் ஒரு சில விதியை வைத்துக்கொண்டு எண்ணற்ற வடிவங்களைப் படைத்தார்கள் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

விதி மட்டும் கொடுத்ததில் ஒரு லாபம் உண்டு. ஒரு பையன் தாளைத் தூக்கிக்கொண்டு வந்து "இது சரியா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லத் தேவையே இல்லை. "கோடு திரும்பி வந்துச்சா?" என்றேன். விரலை வைத்து ஓட்டிப் பார்த்தான். ஒரு மூலையில் முட்டி நின்றது. "வரலை" என்று அவனே சொல்லிட்டு இடத்துக்குப் போய்விட்டான். இன்னொரு பிள்ளை, குக் தீவுக் குடும்பம், "எங்க பாட்டி துணியை மடிச்சு வெட்டுவாங்க, அதுவும் இப்படித்தான் நாலு பக்கமும் ஒரே மாதிரி வரும்" என்றாள். திவைவை என்ற அவர்களுடைய ஒட்டுத்துணி வேலைப்பாட்டைச் சொல்கிறாள். ஆசிரியர் அதைக் குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் காகிதத்தை மடித்து வெட்டினார்களாம். தெற்கு ஆக்லாந்து வகுப்பறையின் வசதி இது. சமோவா, தொங்கா, ஃபிஜி, பஞ்சாப், நம்ம ஊர் என்று ஒவ்வொரு பிள்ளை வீட்டிலும் ஒரு வடிவம் இருக்கும். மாவோரி கூட்ட மண்டபச் சுவர்களில் துகுதுகு என்ற பின்னல் பலகைகளைப் பாருங்க. கட்டம் கட்டமாக ஏறும் படிக்கட்டு வடிவத்தைப் பார்த்தால் நமக்குப் புள்ளிக் கோலம் ஞாபகம் வரும். ஆனால் அதைக் கற்றுக்கொடுக்க நாம ஆள் இல்லை. அதற்கு அந்தக் குடும்பத்துப் பெரியவர்களை அழைக்கணும்.

இப்போ தலைப்புக்கு வர்றேன். உதவிக்கு வரும் பெரியவர்களில் பாதிப் பேர் செய்யும் காரியம், பிள்ளையின் கையிலிருந்து பேஸ்டலை வாங்கி "இப்படிப் போடும்மா" என்று ஒரு கோடு இழுத்துவிடுவது. அன்பாகத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கோடு விழுந்ததும் தாள் பிள்ளையுடையது இல்லை என்றாகிவிடும். கலரிங் போட்டி, பரிசு, சான்றிதழ் என்று வளர்ந்த நமக்கு இந்தக் கை அரிப்பு கொஞ்சம் அதிகம். அதனால்தான் நல்லா வரையத் தெரியாதவங்க வாங்க என்று சொல்றேன். அவங்க கை சும்மா இருக்கும்.

இந்த நாட்டுக்கு இதில் ஒரு பரம்பரையே உண்டு. 1946-இல் கலை, கைவினைக்கான தேசிய மேற்பார்வையாளராக வந்த கோர்டன் டோவி, பிள்ளைகள் பார்த்து வரைவதைவிடத் தாங்களே படைக்கணும் என்று பள்ளிகளைத் திருப்பினார். வடக்கே ஒருவாயிட்டி என்ற சின்னக் கிராமப் பள்ளியில் 1949 முதல் 1962 வரை இருந்த எல்வின் ரிச்சர்ட்சன், பிள்ளைகளையே அந்த ஊர்க் களிமண்ணைத் தோண்ட வைத்துப் பானை செய்து சுட வைத்தார். 1964-இல் வந்த அவருடைய 'இன் தி ஏர்லி வேர்ல்ட்' புத்தகம் முழுக்க அந்தப் பிள்ளைகளின் வேலைகள்தான். நூலகத்தில் கிடைத்தால் புரட்டிப் பாருங்க. திருத்தின கோடு ஒன்றுகூட இருக்கிற மாதிரி தெரியவில்லை.

ஒரு விஷயம் எனக்கு உறுத்தலாகவே இருக்கு. வெள்ளிக்கிழமை மதியம் யாரால் வர முடியும்? என்னை மாதிரி மடிக்கணினியை மூடிவிட்டு ஒரு மணி நேரம் நழுவ முடிந்தவர்களால்தான். விமான நிலையத்திலும் கிடங்குகளிலும் ஷிப்ட் பார்க்கும் பெற்றோர்கள் மனுகாவில் ஏராளம். அவர்கள் வராததால் அவர்கள் வீட்டுக் கலையும் வகுப்புக்குள் வராமல் போகுது. ஒரு வழி இருக்கு. ஆளே வரணும் என்றில்லை. பாட்டி பாய் முடைவதையோ, தாத்தா மாலை கட்டுவதையோ இரண்டு நிமிஷம் போனில் எடுத்து ஆசிரியருக்கு அனுப்பினால் பாடம் ஆரம்பிக்க அது போதும். வாட்ஸ்அப்பில் இருக்கிற நம்ம பெற்றோர் குழுவில் இதைக் கேட்டுப் பாருங்க. நைட் ஷிப்ட் முடித்து வரும் அப்பா ஒருத்தர் பகலில் வரத் தயாராக இருப்பார், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நடைமுறை கொஞ்சம். பள்ளியில் சம்பளம் வாங்குபவர்களுக்குப் போலீஸ் சரிபார்ப்பு சட்டப்படி உண்டு. தன்னார்வலர்களிடமும் பல பள்ளிகள் கேட்கும். அதற்குச் சில வாரம் ஆகலாம், முன்னாடியே படிவத்தைக் கொடுத்திடுங்க. போகும்போது அலுவலகத்தில் கையெழுத்துப் போடணும். வகுப்பில் ஆசிரியர் கூடவே இருப்பார். பிள்ளைகளை அடக்குவது அவர் பொறுப்பு, உங்க வேலை இல்லை. நாற்பத்தைந்து நிமிஷம் என்றால் பேச ஐந்து, துடைக்கப் பத்து போக மிச்சம்தான் வரைய. டை கையில் பட்டால் இரண்டு நாளைக்குப் போகாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை அலமாரியைத் திறந்து அப்பாவோட பழைய சட்டைகளை எடுத்து வையுங்க. முழுக்கைச் சட்டையாக இருந்தால் நல்லது.