சொடுக்குந்தோறும் வரைதல் வேண்டுமோ?

கரும்பலகையிலே யாழ்ப்பாணக் குடாநாட்டின் படத்தை வரைந்து முடித்த ஆசிரியரை நோக்கி, "நிலாவரை எங்கே?" என மாணவன் ஒருவன் வினவின், அவர் உரிய இடத்தில் ஒரு புள்ளி இடுவாரேயன்றிப் பலகை முழுவதையும் துடைத்துக் கரையோரத்திலிருந்து மீள வரையார். ஆயின், கணினியில் வரைபு காட்டும் மென்பொருள்கள் சில, சுட்டியை ஒருமுறை சொடுக்கியவுடன் இவ்வீண் வேலையையே செய்கின்றன. இதனால் விளையும் கேட்டையும் அதனை நீக்கும் வழியையும் ஈண்டு ஆராய்வாம்.

நம் குடாநாட்டின் குடிநீர், பெரும்பாலும் சுண்ணக்கற் பாறையிலே தங்கும் மழைநீராகும். தோட்டங்களுக்கு இடும் உரத்தினால் வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்துள்ளமை ஆய்வுகளாற் புலனாயிற்று. குடிநீர் இலீற்றர் ஒன்றில் அது 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஆயிரம் கிணறுகளின் அளவீடுகளைத் திரையிலே புள்ளிகளாக இட்டு, ஒன்றைச் சொடுக்கி அதன் அளவை அறிகின்றோம் என்க. சொடுக்குந்தோறும் அச்சுகளும் எழுத்துகளும் புள்ளிகளும் புதிதாக வரையப்படின் விடை தாமதிக்கும். சொடுக்கியது பதியவில்லையென மயங்கி மாணவன் மீண்டும் சொடுக்குவான்; கை சற்றே விலகின் அயற்கிணற்றின் அளவு தோன்றும். நன்னீர்க் கிணற்றைத் தீநீர்க் கிணறென எழுதிவிடுதல் சிறு பிழையன்று.

வீணாகும் உழைப்பையும் கணக்கிடுவாம். அகலம் 1920, உயரம் 1080 கொண்ட திரையில் 20,73,600 படப்புள்ளிகள் உள. ஒரு கிணற்றின் பெயரையும் அளவையும் காட்ட, அகலம் 200, உயரம் 50 உடைய சிறு கட்டம் போதும். அது திரையின் இருநூறில் ஒரு பங்கினும் குறைவே.

இவ்வீண்செயலைத் தவிர்க்கும் வழிகள் மூன்று. அவற்றை, ஜோன் ஹண்டர் என்னும் அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர் 2003 இல் வெளியிட்ட மற்பிளொட்லிப் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு விளக்குவாம். வலிப்பு நோயாளரின் மூளை மின்னலைகளைக் காணும் பொருட்டு அவர் அதனை ஆக்கினார்.

முதலாவது, சொடுக்கினால் யாதேனும் மாறிற்றா என வினவுதல். வெற்றிடத்திற் சொடுக்கின் மாற்றம் இல்லை. ஆதலின் வரைதலும் வேண்டா.

இரண்டாவது, பல கட்டளைகளை ஒன்றாக்குதல். 'டிரோ' என்னும் கட்டளை உடனே முழுவதையும் வரையும். 'டிரோ ஐடில்' என்பதோ, வரைதல் வேண்டுமெனக் குறித்து வைத்து, கைவேலை முடிந்து ஓய்வு கிடைத்தபின் ஒருமுறையே வரையும்.

மூன்றாவது, 'பிளிற்' எனப்படும் முறை. மாறாத பின்னணியை முன்னரே படியெடுத்து நினைவகத்தில் வைத்துக்கொண்டு, சொடுக்கியபோது அப்படியை மீள இட்டு, அதன்மேல் மாறும் உறுப்பை மட்டும் வரைதலே அது. தேசப்படத்தின்மீது ஒளிபுகு தாளை விரித்து அதிற் குறியிடுதலை இஃது ஒக்கும். ஆயினும் சாளரத்தின் அளவோ அச்சின் எல்லையோ மாறின் பழைய படி பொருந்தாது. அப்போது முழுவதையும் ஒருமுறை வரைந்து புதிய படி எடுத்தல் இன்றியமையாதது. எனவே தேவையான வரைதலை விலக்குதலும் தவறேயாம்.

கல்லூரிக்குக் கணினிகளை உவந்தளிக்கும் பழைய மாணவர்க்கும், அவற்றிற் பயிலும் இளைஞர்க்கும் யாம் கூறுவது இதுவே: கணினி மெதுவாக இயங்குகின்றதெனப் புதியதொன்றை நாடுமுன், அதனிடம் எத்துணை வீண்வேலை வாங்குகின்றோம் என எண்ணிப் பார்த்தல் வேண்டும்.