நான்கடிக் கூடாரத்தில் உயரக் கணக்கு

வடநாட்டுக் குளிர்காலத்தில் கறிவேப்பிலைச் செடி படும் பாட்டை இங்குள்ள தமிழ் மாணவர் பலரும் அறிவர். மார்கழி பிறந்தால் இலை மஞ்சளித்து உதிரத் தொடங்கும். மாசி வரை வெறுங்குச்சியாய் நிற்கும். மூடுபனி நாட்களில் விடுதியறைச் சன்னலுக்கு வந்து சேரும் வெயிலோ மிகச் சொற்பம். இக்குறையைத் தீர்க்க இன்று ஒரு வழி உண்டு. வெளியே கருந்துணியும் உள்ளே வெள்ளிபோல் மின்னும் படலமும் கொண்ட சிறு கூடாரம். அதன் உச்சியில் ஓர் எல்.இ.டி. விளக்கு. இரண்டடி நீளம், இரண்டடி அகலம், நான்கடி உயரமுள்ள கூடாரம் அறையின் ஒரு மூலையில் அடங்கிவிடும். கறிவேப்பிலை, மிளகாய், தக்காளி, கீரை ஆகியவற்றை அதில் வளர்க்கலாம்.

இடத்தைப் பற்றிப் பேசும்போது நாம் நீள அகலங்களையே எண்ணிப் பழகியவர்கள். வயலுக்கு வானம் கூரை. அங்கே உயரத்திற்குக் கணக்கில்லை. கூடாரத்திலோ உயரமே அரும்பொருள். செடி விளக்கை முட்டிய பிறகு வருந்திப் பயனில்லை. ஆகவே உயரத்தைக் காக்கும் வகைகளைச் சற்று விரிவாக நோக்குவோம்.

வரவும் செலவும்

நான்கடிக் கூடாரம் என்றால் நான்கடிச் செடி என்று பொருளன்று. மொத்த உயரம் 120 செ.மீ. விளக்கும் அதைத் தாங்கும் கயிறும் கொக்கியும் 15 செ.மீ. கொள்ளும். விளக்குக்கும் செடியின் நுனிக்கும் இடையே 30 செ.மீ. வேண்டும். தொட்டியும் அதன் அடித்தட்டும் 25 செ.மீ. ஆக 70 செ.மீ. செலவு போக, செடிக்கென மிஞ்சுவது 50 செ.மீ., அதாவது ஏறக்குறைய இருபது அங்குலமே!

இக்கணக்கில் முதலில் குறைக்கத்தக்கது தொட்டியின் உயரம். ஒடுங்கி உயர்ந்த தொட்டியை விட்டு, அதே அளவு மண் கொள்ளும் அகன்ற தொட்டியை எடுத்தால் ஐந்தாறு செ.மீ. மிஞ்சும். விளக்கைக் கூரைக் கம்பியோடு ஒட்டிக் கட்டலாம். வெப்பக் காற்று மேலெழுவதால் காற்று வெளியேறும் வழி உச்சியில் இருப்பதே முறை. ஆனால் விசிறியைக் கூடாரத்திற்கு வெளியே வைத்துக் குழாயால் இணைத்துவிட்டால் உள்ளே இடம் அடைபடாது.

விளக்கிற்கும் இலைக்கும் உள்ள இடைவெளியை மட்டும் குறைக்கத் துணியக்கூடாது. புள்ளி போன்ற விளக்கிலிருந்து தொலைவு இருமடங்கானால் ஒளி கால்பங்காகும் என்பது பௌதிக விதி. அகன்ற பலகை விளக்கும் மின்னும் சுவர்களும் உள்ள கூடாரத்தில் ஒளி அவ்வளவு விரைவாகக் குறைவதில்லை. எனினும் அருகில் செல்லச் செல்ல ஒளி மிகும் என்பதில் ஐயமில்லை. நுனியிலை வெளுத்தோ விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டோ காணப்பட்டால் விளக்கு நெருங்கிவிட்டது என்று அறிக. கைக்குச் சூடு படவில்லையே என்று எண்ணலாகாது. சூடின்றியும் மிகையொளி இலையைக் கெடுக்கும்.

செடி நெடுக வளர்வது ஏன்?

ஒளி போதாத செடி ஒளியைத் தேடி மெலிந்து நீளும். நெருக்கமாக வைத்த செடிகளும் அவ்வாறே நீளும். இலை சிவப்பொளியை உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்கு அரிதாய்த் தெரியும் தொலைசிவப்பொளியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. அவ்வொளி மிகுந்தால், அண்டையில் போட்டி உண்டென்று செடி உணர்ந்து உயரப் பாய்கிறது. இவ்விரு ஒளிகளையும் செடி பிரித்தறியும் என்பதை 1952-ல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தில் போர்த்விக், ஹென்ட்ரிக்ஸ் முதலியோர் லெட்டூஸ் விதைகளைக் கொண்டு காட்டினர்.

மூன்றாவது காரணம் வெப்பநிலை. பகல் வெப்பம் இரவு வெப்பத்தினும் எவ்வளவு மிகுகின்றதோ அவ்வளவுக்குக் கணுவிடை நீளும் என்பது 1980-களில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வுகளில் தெளிவாயிற்று. இது நமக்கு மிகப் பயன்படும் செய்தி. குளிர்காலத்தில் பகலில் விளக்கை எரித்தால் பகற்சூடு கூடுகிறது, இரவில் அறை குளிர்ந்துவிடுகிறது, வேற்றுமை பெரிதாகிறது. மாலை 6 மணிக்கு விளக்கேற்றிக் காலை 10 மணிக்கு அணைத்துப் பாருங்கள். அறை குளிரும் நேரத்தில் விளக்கின் வெப்பம் உதவும், வேற்றுமை குறையும், செடியும் கட்டுக்குள் நிற்கும்.

நான்காவது, காற்றின்மை. அசையாத செடி ஒல்லியாய் உயரும். காற்றில் ஆடும் செடி குட்டையாய்த் தடித்து நிற்கும். தொடுதலாலும் அசைவாலும் நேரும் இம்மாற்றத்திற்கு 1973-ல் மார்க் ஜாஃபே என்பார் தனிப்பெயரே சூட்டினார். சிறு விசிறியொன்று இலைகளை மெல்ல அசைத்தால் போதும்.

கிள்ளலும் வளைத்தலும்

பருத்திக்கு நுனி கிள்ளுவதும் மல்லிகைக்குக் கவாத்துச் செய்வதும் நம் உழவர் அறிந்தவை. அவற்றின் உட்பொருள் யாது? நுனிமொட்டு ஆக்சின் என்னும் ஊக்கியைக் கீழ்நோக்கி அனுப்பிப் பக்கமொட்டுகளை அடக்கி ஆள்கிறது. 1933-ல் தைமன், ஸ்கூக் என்னும் இருவர் அவரை இனச் செடி ஒன்றின் நுனியை வெட்டி, வெட்டுவாயில் ஆக்சினை வைத்தனர்; பக்கமொட்டுகள் அடங்கியே கிடந்தன. இவ்வாட்சியில் வேறு ஊக்கிகளுக்கும் பங்குண்டு எனப் பின்னர் அறியப்பட்டது. எப்படியாயினும், நுனி போனால் கிளை பெருகும் என்பது உறுதி.

மிளகாய்ச் செடி ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுக. கறிவேப்பிலைக்கும் அதுவே முறை. கிள்ளிய கொழுந்து தாளிப்புக்காயிற்று! தக்காளியில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். குட்டை இனங்கள் நுனியில் பூங்கொத்து வைத்துத் தாமே நின்றுவிடுபவை; அவற்றின் நுனியைக் கிள்ளினால் காய் குறையும். தொடர்ந்து நீளும் கொடியினம் இக்கூடாரத்திற்கு ஆகாது. 1989-ல் புளோரிடாப் பல்கலைக்கழகம் வெளியிட்ட மைக்ரோ-டாம் போன்ற குறுந்தக்காளி ஒரு சாண் உயரத்தோடு அடங்கும்.

கிள்ள மனமில்லாதார் வளைக்கலாம். நீர் ஊற்றுவதற்கு முன், தண்டு சற்றே தளர்ந்திருக்கும் வேளையில், பசுந்தண்டை மெல்லச் சாய்த்துச் சணல் நூலால் தொட்டி விளிம்பில் கட்டுக. நுனி தாழ்ந்ததும் பக்கக் கிளைகள் நிமிரும். உயரத்தில் செல்லவேண்டிய வளர்ச்சி அகலத்தில் பரவும். நம் ஊர்ப் புடலம்பந்தல் செய்யும் வேலையும் இதுவே அன்றோ? பந்தலைப் போலவே ஒரு வலையைக் குறுக்கே கட்டி, மேலெழும் கிளைகளை அதனடியில் செருகிவரலாம். கட்டையாகிவிட்ட தண்டை வளைத்தால் ஒடியும். ஆதலால் இளமையிலேயே தொடங்க வேண்டும்.

எல்லாச் செடிகளின் நுனியும் ஒரே மட்டத்தில் இருப்பது நலம். நெட்டைச் செடி ஒன்று இருப்பின் அதற்காகவே விளக்கை உயர்த்த வேண்டிவரும். குட்டைச் செடிகள் ஒளியின்றி வாடும். குட்டையானவற்றை ஒரு செங்கல்மேல் ஏற்றி வையுங்கள்.

கீரை மட்டும் வளர்ப்போர்க்கு மற்றொரு வழியுண்டு. வெந்தயக்கீரை ஒரு சாண் உயர்வதற்குள் அறுவடையாகிவிடும். ஆழமற்ற தட்டே அதற்குப் போதும். இடையில் ஒரு தட்டுப் பலகை அமைத்து, ஒவ்வொரு தட்டுக்கும் தனி விளக்கிட்டால், அதே தரையில் இருமடங்கு கீரை காணலாம்.

நண்பர்களே, விடுதியில் மின்கருவி வைக்கக் காப்பாளரின் இசைவு பெறுவது முதற்கடமை. மின்னிணைப்புகளைத் தரையில் போடாது நீர் படாத உயரத்தில் கட்டுங்கள். பிறகு ஓர் அளவுகோலும் குறிப்பேடும் போதும். வாரந்தோறும் செடியின் உயரத்தைக் குறித்துவாருங்கள். ஒதுக்கிய ஐம்பதில் பாதியை எட்டும்போதே கிள்ளவோ வளைக்கவோ தொடங்குங்கள்.