தலைமை ஆசிரியர் வகுப்புக்கு வரட்டும்

நம் பிள்ளைகள் தினமும் பள்ளிக்குப் போகிறார்கள். அவர்களுக்கு வாசிக்க வருகிறதா?

தாராவி போன்ற இடங்களில் மும்பை மாநகராட்சி தமிழ்ப் பள்ளிகளை நடத்துகிறது. பள்ளி என்றால் எத்தனை வேலைகள்! குழாய் கெட்டால் ஆள் பிடிக்க வேண்டும். சாப்பாட்டுக் கணக்கு எழுத வேண்டும். புத்தகம், சீருடை கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் தலைமை ஆசிரியர் ஒருவரே செய்தால் என்ன ஆகும்? வகுப்புக்குள் நுழைய நேரமே இருக்காது. வாசிக்கத் தெரியாத பிள்ளை அப்படியே அடுத்த வகுப்புக்குப் போய்விடும்.

வழி என்ன? வேலையைப் பிரிக்க வேண்டும். கிளார்க் இருந்தால் அவர் கணக்கு எழுதலாம். குழாயைப் பியூன் கவனிக்கலாம். புத்தகத்துக்கு ஓர் ஆசிரியர், சீருடைக்கு ஓர் ஆசிரியர் பொறுப்பு ஏற்கலாம். யாருக்கு எந்த வேலை என்று எழுதி ஒட்ட வேண்டும். வாரம் ஒரு முறை தலைமை ஆசிரியர் சரிபார்த்தால் போதும். மற்ற நேரத்தில் வகுப்புக்குப் போகலாம். பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

இதில் நமக்கும் பங்கு உண்டு. கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது. மாநகராட்சிப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். தண்ணீர், கழிப்பறை, சாப்பாடு ஆகியவற்றை நாமே பார்த்துச் சொல்லலாம்.

அடுத்த கூட்டத்துக்குப் போவோம். "எங்கள் பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா?" என்று கேட்போம்.